அபி மிஸ்ஸுக்கு வேண்டாமாம்

ஜூன் முதல் வாரத்தில் அஸ்தினாபுரத்தில் எங்கள் பள்ளி இருக்கும் தெரு வழியாகப் போகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ப்ரீ-கேஜியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அழுதால் வேறு எப்படி இருக்கும்? அந்த அழுகையை நிறுத்துவதுதான் என் வேலை. பெருமைக்குச் சொல்லவில்லை, அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தூக்கிக் கொஞ்சுவது, சாக்லேட்டைக் காட்டுவது, "அம்மா தோ வந்துடுவாங்க" என்று புளுகுவது, இதெல்லாம் என்னிடம் இல்லை. அழுகிற பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மரக்கட்டைகளை அடுக்க ஆரம்பிப்பேன். கோபுரம் சரிந்து விழும். மறுபடி அடுக்குவேன், மறுபடி விழும். அழுகை அதற்குள் விக்கலாகியிருக்கும். அடுத்த கோபுரத்தை அந்தப் பிள்ளையே கட்டும்.

இந்தக் கெட்டிக்காரத்தனமே எனக்கு வினையாக முடிந்தது. உழைக்கிற மாட்டுக்குத்தானே இன்னும் ஒரு மூட்டை ஏற்றுவார்கள்! என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்கேஜி, யூகேஜி என்று ஏறிப் போனார்கள். என் தோழி பியூலா எல்லாரையும் தாண்டி கோஆர்டினேட்டர் ஆகி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஏசியில் உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் வருஷா வருஷம் மூக்கு துடைத்துக்கொண்டிருந்தேன். "அபிகாயில் இல்லாம ப்ரீ-கேஜியா? நெனச்சே பாக்க முடியாதும்மா" என்பார் எங்கள் கரஸ்பாண்டன்ட் தேவானந்தம் சார். அதைக் கேட்டுப் பல வருஷம் குளிர்ந்துபோனேன். மடச்சி நான்.

ஆனாலும் சும்மா இருந்துவிடவில்லை. சனிக்கிழமைகளில் தாம்பரத்தில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய், பாலர் கல்வியில் டிப்ளமோ முடித்தேன். பள்ளிக்கூடம் நடத்துவது எப்படி, டீச்சர்களைப் பழக்குவது எப்படி, பெற்றோரைச் சமாளிப்பது எப்படி என்றெல்லாம் அதில் ஒரு பாடம் உண்டு. பிள்ளைகள் விரலால் தடவிப் பழக உப்புத்தாளில் எழுத்து வெட்டி அட்டையில் ஒட்டி, வீட்டு ஹால் முழுக்கக் காயப்போட்டிருப்பேன். என் கணவர் ஆரோன் கால் வைக்க இடம் தேடி, "இது வூடா, ஸ்டேஷனரி கடையா?" என்பார்.

போன கிறிஸ்மஸ் விழாவில் கேக் வெட்டிய கையோடு தேவானந்தம் சார் அறிவித்தார். ஜூனில் கேளம்பாக்கத்தில் நம் இரண்டாவது பள்ளி திறக்கப்போகிறது. அதற்குத் தலைமையாக வெளியாள் யாரையும் போடப்போவதில்லை, நம் சீனியர் ஒருவரைத்தான் அனுப்பப்போகிறோம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் நின்ற பியூலா என் இடுப்பில் இடித்தாள். "உனக்குத்தான்டி" என்றாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆரோனைக் கிளப்பிக்கொண்டு, வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய் அந்தக் கட்டடத்தைப் பார்த்தேன். பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று மணல்தொட்டி எங்கே வரவேண்டும் என்று முடிவு பண்ணினேன். வேப்பமர நிழலில். கை கழுவும் தொட்டி குழந்தையின் இடுப்பு உயரத்துக்கு மேல் போகக்கூடாது. இந்த ஊரில் எந்த மேஸ்திரிக்கும் அது மண்டையில் ஏறாது, நின்று கட்டவைக்க வேண்டும். ஆரோன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், பசிக்குது" என்றார். கோவளம் போய் மீன் வறுவல் சாப்பிட்டோம். அன்றைக்கு நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கென்று ஒன்று வருகிறது என்று நினைத்தேன்.

பியூலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் அவளும் ஒரே நாளில் இன்டர்வியூவுக்கு வந்தவர்கள். ஒரே சபை, ஒரே பெஞ்சு. அவளுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், எனக்குப் பிள்ளைகள் நன்றாக வரும். அவளுக்குப் பிரசவ வலி கண்டபோது அவள் மாமியாருக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் போய் நின்றவள் நான். பிறந்தது ஹெப்சி. அந்தப் பிள்ளை மூன்று வயதாகியும் பேசவில்லை. காதில் குறையில்லை, பேசும், பொறுங்கள் என்றார்கள் டாக்டர்கள். பியூலா ஜெபம் பண்ணிப் பண்ணி முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

போன ஜூனில் ஹெப்சியை என் வகுப்பில் சேர்த்தாள். முகத்தைப் பார்த்துப் பேசக் கூசுகிற பிள்ளைகள் சிலது போனில் பேசும். எங்கள் வகுப்பு மூலையில் விளையாட்டுச் சமையலறை ஒன்று இருக்கிறது. பொம்மை அடுப்பு, குட்டிக் குக்கர், இரண்டு பிளாஸ்டிக் போன். ஒரு போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து இன்னொன்றில் நான் பேசுவேன். "ஹலோ, ஹெப்சி வீடா? பால் வந்துச்சா?" மாதக்கணக்கில் நான் மட்டும்தான் பேசினேன். தீபாவளி லீவு முடிந்து வந்த அன்று, "வந்துச்சு" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. பியூலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு மத்தியானம் என் தட்டில் அவளே சோறு பிசைந்து வைத்தாள்.

அந்தச் சமையல் மூலை பொல்லாதது. பிள்ளைகள் வீட்டில் பார்த்ததை அப்படியே கொண்டுவந்து நடித்துக் காட்டும். ஒருத்தன் காலை ஆட்டிக்கொண்டு பாயில் படுத்து, "காபி எங்கடி?" என்பான். ஒரு பெண் குழந்தை பொம்மையிடம், "உங்க அம்மா போன் பண்ணா நான் இல்லன்னு சொல்லு" என்று அடிக்குரலில் சொல்லும். எந்த வீட்டில் என்ன சண்டை என்று எங்களுக்குத் தெரியாததே கிடையாது. அதை வெளியே விடுவதில்லை என்பது எங்கள் தொழில் தர்மம்.

மார்ச்சில் ஒரு நாள். மற்ற பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போயாகிவிட்டது. பியூலா வேலை முடிக்கும்வரை ஹெப்சி என்னோடுதான் இருப்பாள். நான் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் போனைக் காதில் வைத்து, தோளால் இடுக்கிக்கொண்டு, பொம்மைத் தோசையைத் திருப்பினாள். பியூலா வீட்டில் நிற்கிற நிற்பு அப்படியே. சிரிப்பு வந்தது எனக்கு.

"ஆமா சார். கேட்டேன் சார்" என்றாள் ஹெப்சி. "அபி மிஸ்ஸுக்கு வேணாமாம் சார்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. மூன்று வயதுப் பிள்ளை எதையாவது உளறும் என்று என்னை நானே சமாதானம் பண்ணினேன். மனசு கேட்கவில்லை. இன்னொரு போனை எடுத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, குரலைக் கனமாக்கிக்கொண்டேன். "ஹலோ. எதும்மா வேணாமாம்?"

"கேளம்பாக்கம் சார்" என்றாள், தோசையைத் தட்டிக்கொண்டே. "ரொம்ப தூரமாம். அவங்களுக்குக் குட்டிப் பசங்கதான் புடிக்குமாம். கம்பெல் பண்ணாதீங்க சார், சங்கடப்படுவாங்க. சரி சார். பிரைஸ் த லார்ட் சார்."

கம்பெல் என்ற வார்த்தையை எந்தக் குழந்தையும் தானாக உண்டாக்காது. அந்தப் பிள்ளையின் வாயை நான்தான் மாதக்கணக்கில் உட்கார்ந்து திறந்தேன். திறந்த வாயிலிருந்து எனக்கு வந்து விழுந்தது இது. பிள்ளையின் முன்னால் அழக்கூடாது என்று பாத்ரூமுக்குப் போனேன். வழியில் எதிரே வந்த ஆயா செல்லியம்மாள், "இன்னா மிஸ்ஸு, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றாள். தலைவலி என்றேன்.

அப்போதும் பியூலாவை முழுக்க விட்டுவிட மனம் வரவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகக் கேட்பதுபோல, "கேளம்பாக்கம் பத்தி சார் ஏதாச்சும் சொன்னாரா?" என்றேன். அவள் டப்பாவில் வஞ்சிர வறுவல் இருந்தது. நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"இன்னும் வாயத் தொறக்கலடி. நான் உன் பேரத்தான் ஸ்ட்ராங்கா சொல்லியிருக்கேன். நீ ஜெபம் பண்ணு, நானும் பண்றேன்."

கண் இமைக்கவில்லை. குரல் பிசகவில்லை. கூட இருந்தே குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குழியை வெட்டிவிட்டு அதன் விளிம்பில் உட்கார்ந்து மீன் பரிமாறுவதை அன்றுதான் பார்த்தேன். அந்தத் துண்டை நான் தொடவில்லை. வயிறு சரியில்லையா என்று அக்கறையாக வேறு விசாரித்தாள்.

சாப்பாடு முடிந்ததும் நேராகத் தேவானந்தம் சார் அறைக்குப் போனேன். அவர் எப்போதும் எல்லாவற்றையும் பியூலா மூலமாகவே சொல்லியனுப்புகிறவர். நான் அனுமதி கேட்காமல் உள்ளே போனதிலேயே அவருக்குத் திடுக்கென்றது.

"சார், கேளம்பாக்கத்துக்கு என்னை அனுப்பப்போறீங்களா?"

"என்னம்மா இது? நீங்கதான் வேணாம்னுட்டீங்களே. பியூலா போன் பண்ணிச் சொன்னாங்க. மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு எனக்கு."

"நான் சொல்லல சார். என்கிட்ட யாரும் கேக்கவே இல்ல."

கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். கேளம்பாக்கத்துக்கு மாளவிகா என்று ஒரு பெண்ணைப் போட்டாயிற்றாம். ஐடி கம்பெனியில் எச்ஆர் வேலை பார்த்துவிட்டு வந்தவளாம். ஆர்டர் கையில் கொடுத்தாயிற்று, இனி மாற்றினால் மரியாதையாக இருக்காது என்றார்.

"அடுத்த பிராஞ்ச் வர்றப்ப கண்டிப்பா நீங்கதான். எல்லாம் கர்த்தருடைய சித்தம்மா."

"கர்த்தர் எங்க சார் சொன்னாரு? பியூலாதான சொன்னா" என்றேன். வாய் அதுவாகப் பேசியது. அவர் காதில் விழாததுபோல மேசை மேலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

"ஒண்ணு மட்டும் ஹெல்ப் பண்ணுங்க. மாளவிகா நல்லாப் படிச்ச பொண்ணு, ஆனா சின்னப் பசங்களக் கையாண்டு பழக்கமில்ல. ஜூன்ல ஒரு பதினஞ்சு நாள் அங்க போய் அவங்களுக்குச் சொல்லிக்குடுத்துட்டு வந்துடுங்க. பஸ் சார்ஜ் குடுத்துடலாம்."

வேப்பமரமும் கைகழுவும் தொட்டியும் கண் முன்னால் வந்தன. என் இடத்தில் உட்காரப் போகிறவளுக்கு நானே போய் நாற்காலியைத் துடைத்துவிட்டு வரவேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். பதில் அப்போதே என்னிடம் இருந்தது. அந்த மனுஷனிடம் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை.

சாயந்திரம் பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது பியூலா பின்னாலேயே ஓடிவந்தாள். சார் அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது.

"அபி, நில்லு. யாரு சொன்னா உனக்கு?"

அதுதான் அவளுடைய முதல் கேள்வி. பதினோரு வருஷச் சிநேகிதத்தில் அவளுக்குக் கேட்கத் தோன்றியது அதுதான். ஹெப்சியின் பேரைச் சொன்னால் அன்று இரவு அந்தப் பிள்ளை அடி வாங்கும், அப்புறம் வாயைத் திறக்காது.

"சார்தான் சொன்னாரு" என்றேன். அதுவும் நிஜம்தானே.

ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்றுகூடப் பாராமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குக் கெட்டது பண்ணணும்னு பண்ணலடி, ஆண்டவர் சத்தியமா. ஹெப்சி இப்பத்தான் பேசுறா. உன்கிட்ட மட்டும்தான் பேசுறா. வீட்ல கூட அவங்கப்பா கேட்டா பதில் சொல்ல மாட்டேங்குறா. நீ கேளம்பாக்கம் போயிட்டா அவ திரும்பவும் வாய மூடிட்டான்னா நான் என்னடி பண்ணுவேன்? அவ எல்கேஜி போனாலும் ஒரு வருஷம் நீ இங்க பக்கத்துல இருந்தா போதும்னு நெனச்சேன். ஒரே ஒரு வருஷம்."

நடிப்பில்லை. அந்தப் பயத்தை இந்தக் கேட்டில் நூறு தாய்மார்களின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடி."

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்ப? உன் கனவுடி அது. நீ எப்படி..."

"ஹெப்சிக்காக இருந்துடு அபின்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே போய் சார்கிட்ட வேணாம்னு சொல்லியிருப்பேன்."

சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று எனக்கே தெரிந்தது. ஆரோன் திட்டியிருப்பார், நான் ஒரு வாரம் அழுதிருப்பேன், ஆனாலும் அந்தப் பிள்ளைக்காக இருந்திருப்பேன். நான் கையில் எடுத்துக் கொடுத்திருக்கக்கூடியதை, நான் இல்லாத நேரத்தில் என் பையைத் திறந்து எடுத்துக்கொண்டாளே என்றுதான் எரிந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு நான் யார் என்றே தெரியவில்லை.

பியூலா என் கையை விடவில்லை. "இப்பக் கேக்குறேன் அபி. இருந்துடு. கேளம்பாக்கத்துக்கு அந்த மாளவிகாவே போகட்டும், நீ ஹெப்சி கூட இரு. உன் கால்ல விழறேன்."

அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன்.

"ஏப்ரலோட நின்னுக்கிறேன். இங்கயும் வேணாம், கேளம்பாக்கமும் வேணாம், எனக்கு வேற எடம் பாத்துப்பேன். சார்கிட்ட சொல்லிடு. இந்த வாட்டி நெஜமாவே நான்தான் சொன்னேன்."

உள்ளேயிருந்து ஹெப்சி, "மிஸ்!" என்று கூப்பிட்டாள். இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தால் இருந்துவிடுவேன் என்று தெரியும். திரும்பாமல் நடந்தேன்.