அமரத் துடுப்பு

அமரத்தில் பெண் நிற்கக் கூடாது என்று வள்ளக் கமிட்டி சொல்லவில்லை. தீட்டுள்ள பெண் நிற்கக் கூடாது என்றுதான் சொன்னது.

மாலிப்புறத்துத் தெக்கனோடி பெண்கள் ஓட்டும் வள்ளம். ஓணம் கழிந்து வரும் பந்தயத்தில் முப்பது பெண்கள் அதில் வரிசையாக உட்கார்ந்து துடுப்புப் போடுவார்கள். உட்கார யாருக்கும் தடையில்லை. ஆனால் வால் பக்கம், அமரத்தில், நீளத் துடுப்போடு நின்று திசை கொடுப்பவன் என்றைக்கும் ஆண்தான். அங்கேதான் விளக்கு வைத்துத் தேங்காய் உடைப்பார்கள். மாதத்தில் சில நாள் அங்கே கால் வைக்க முடியாத ஒருத்தியை எப்படி நிறுத்துவது என்று தலைவர் ராஜப்பன் கேட்டார்.

வத்சலா எழுந்தாள். அவள் அயல்கூட்டம் என்கிற பெண்கள் சுயஉதவிக் குழுவின் செயலாளர். நாலு பேர் முன்னால் பேசத் தெரிந்தவள்.

"அம்பிளிக்கு நின்னு போச்சு. ஏழு மாசமாச்சு. இனி என்ன தீட்டு?"

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். ராஜப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியானால் பார்க்கலாம் என்றார்.

அம்பிளி வாசலில் நின்றிருந்தாள். வயது நாற்பத்தேழு. துணி துவைக்கும் படியில் வைத்து வத்சலேச்சியிடம் மட்டும் சொன்ன விஷயம் அது. இப்போது ஒரு அறை முழுக்க ஆண்கள் அதைக் கேட்டுவிட்டார்கள். காது மடல் சுட்டது. ஆனால் துடுப்பு கைக்கு வந்துவிட்டது. அன்று மாலையே மன்னித்துவிட்டாள்.

அமரத்துக்கு அவளைவிட்டால் ஆளில்லை என்பது ஆண்களுக்கும் தெரியும். சின்ன வயதில் அப்பா வாத்து மேய்க்கும்போது அந்தத் தாராக்கூட்டத்துக்குப் பின்னால் தோணி ஓட்டியவள். கல்யாணத்துக்குப் பிறகு கணவன் சுகுணனின் தாராக்கூட்டம். காயலில் மேல்தண்ணீர் ஒரு பக்கம் போகும், அடித்தண்ணீர் இன்னொரு பக்கம் இழுக்கும். அவளுக்கு அது துடுப்பின் கைப்பிடியில் தெரியும்.

முதல் தடவை அது வந்தது மீன் கழுவிக்கொண்டிருந்தபோது. நெஞ்சுக்குள் தாரா ஒன்று மாட்டிக்கொண்டு சிறகடித்த மாதிரி இருந்தது. ஒரு துடிப்பு விட்டுப்போய், அதற்கும் சேர்த்து அடுத்தது ஓங்கி அடித்தது. பிறகு தாறுமாறாக ஓடியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். நின்றுவிட்டது. மறுநாள் வேர்வையில் நனைந்து விழித்தபோது மறுபடி வந்தது.

சுகுணன் கேஸ் என்றான். இஞ்சியும் சீரகமும் தட்டிப் போட்டு வெந்நீர் கொடுத்தான். அதைக் குடித்தும் வந்தது.

மூன்றாவது தடவை வள்ளத்தில். பயிற்சியின்போது வள்ளத்தின் நடுவில் இரண்டு பெண்கள் நின்று தடியால் பலகையை இடித்துத் தாளம் கொடுப்பார்கள். முப்பது துடுப்பும் அந்த இடிக்கு விழும். அம்பிளியின் நெஞ்சு வேறு கணக்கில் இடித்தது. எது வள்ளத்தின் தாளம், எது தன்னுடையது என்று சற்று நேரம் அவளுக்குத் தெரியவில்லை. துடுப்பை மட்டும் விடவில்லை.

அப்பா ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோணியிலேயே கவிழ்ந்தவர். அது நினைவுக்கு வந்தது. வத்சலாவிடம் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

வத்சலா திட்டினாள். இத்தனை நாள் வாயை மூடி வைத்திருந்தது எதற்கு என்று கேட்டாள். பிறகு தன் வேலையைப் போட்டுவிட்டுத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் படகில் கூட்டிப்போனாள். நெஞ்சில் ஒயர் வைத்துப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஒரு சின்னப் பெட்டியை மாரில் ஒட்டி அனுப்பினார்கள். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்கவும் வத்சலா கூட வந்தாள். வரிசையில் நின்றாள், கட்டன் சாயா வாங்கி வந்தாள், முடிவு சொல்லும் நாளில் டாக்டரின் அறைக்குள்ளும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

டாக்டர் சின்னப் பெண். இருதயத்தில் குறை ஒன்றும் இல்லை, தைராய்டும் ரத்தமும் சரியாக இருக்கின்றன என்றாள். மாதவிலக்கு நிற்கப் போகிற காலத்தில் உடம்பில் ஹார்மோன் ஏறி இறங்கும். சிலருக்கு அப்போது நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளும் என்றாள்.

வத்சலாதான் குறுக்கே கேட்டாள். "அவளுக்குத்தான் நின்னு ஏழு மாசத்துக்கு மேலாச்சே டாக்டரே?"

"நிக்கல சேச்சி. நிக்க யோசிச்சுட்டு இருக்கு. ஒரு வருஷம் முழுசா வராம இருந்தாத்தான் நின்னுச்சுன்னு அர்த்தம். நடுவுல எப்ப வேணும்னாலும் வரலாம்."

வள்ளம் ஓட்டலாமா என்று அம்பிளி கேட்டாள். தாராளமாக ஓட்டலாம் என்று டாக்டர் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். கட்டன் சாயாவைக் குறைக்கணும், நேரத்துக்குத் தூங்கணும். அடிப்பு வந்தால் முகத்தில் குளிர்ந்த தண்ணீர் விட்டுக்கொண்டு, மூச்சை நீளமாக, மெதுவாக வெளியே விடணும். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் மட்டும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வரணும்.

திரும்பும் படகில் அம்பிளி வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள். ஆளுக்கொரு பழம்பொரி வாங்கியிருந்தாள். எண்ணெய்க் காகிதத்தை மடித்தபடி, கமிட்டிக்கு இது தெரியவேண்டாம் என்றாள்.

"நான் என்னடீ, பஞ்சாயத்து மைக்கா?" என்றாள் வத்சலா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அம்பிளி அதோடு வாழப் பழகினாள். தோணியில் இருக்கும்போது வந்தால் காயல் தண்ணீரை அள்ளி முகத்தில் விட்டுக்கொள்வாள். மூச்சை உள்ளே இழுப்பதில் அவசரம் காட்டமாட்டாள். வெளியே விடுவதை நீட்டுவாள். சிதறுகிற தாராவைத் துரத்தினால் இன்னும் சிதறும். தோணியை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் தானாகக் கூடும். நெஞ்சையும் அப்படியே விட்டுப் பார்த்தாள். சில நாள் சட்டென்று அடங்கியது, சில நாள் இழுத்தது. ஆனால் பயம் போயிருந்தது. பயிற்சியில் இரண்டு தடவை வந்தும் முப்பது பேரில் ஒருத்திக்கும் தெரியவில்லை.

பந்தயத்துக்கு முந்தின வாரம் பத்திரிகைக்காரன் ஒருவன் வந்தான். மாலிப்புறத்தில் முதல் தடவையாகப் பெண் அமரத்தில் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தான். அம்பிளியைத் துடுப்போடு நிற்கவைத்துப் படம் எடுத்தான். பந்தயத்தன்று பெரிதாகப் போடுவோம் என்றான். தானும் பக்கத்தில் நிற்கட்டுமா என்று வத்சலா கேட்டாள். அமரத்தில் ஒரு ஆள்தான் நிற்க முடியும் சேச்சி என்று அவன் சிரித்தான்.

விளக்கு வைக்கிற நாள் அம்பிளி தலைக்குக் குளித்து, ஈர முடியோடு படகுத்துறைக்கு வந்தாள். ராஜப்பன் அவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினார். இந்த வருஷம் அவள் மற்றவர்களோடு உட்கார்ந்தால் போதும் என்றார்.

அவள் காரணம் கேட்டாள்.

"நெஞ்சு நோய்க்காரிய நிறுத்தி, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? அதுவுமில்லாம அது இன்னும் முழுசா நிக்கலையாமே. யோசிச்சுட்டு இருக்காமே."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

டாக்டரின் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்.

டாக்டர் கொடுத்த தாள் வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றாள் அம்பிளி.

"தாள் இருக்கும் அம்பிளி. தண்ணிக்கு வாசிக்கத் தெரியுமா?"

அப்போது பெண்கள் வழிவிட்டார்கள். வத்சலா வந்தாள். கசவுக்கரை போட்ட புது முண்டு, நெற்றியில் சந்தனம், கையில் தேங்காய்த் தட்டு. அவளுக்கும் முடி ஈரமாக இருந்தது. வத்சலாவுக்கு ஐம்பத்தொன்று. அவளுக்கு நின்று மூன்று வருஷம். அதற்கு யாரும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கமிட்டி கூடிய அன்றைக்கு வத்சலா ஏன் தன் பெயரைச் சொல்லவில்லை என்று அம்பிளி இத்தனை நாள் யோசித்ததில்லை. அன்றைக்கு ஒரு பெண் அங்கே நின்று தோற்றிருந்தால் ஊர் சிரித்திருக்கும். இப்போது நிற்பவளின் படம் பத்திரிகையில் வரும்.

"உனக்காகத்தான் மோளே," என்றாள் வத்சலா. குரலைத் தாழ்த்திப் பேசினாள். "நடுக்காயல்ல நீ விழுந்துட்டா சுகுணனுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

"டாக்டர் சொன்னத சேச்சியும் கேட்டதுதானே."

"கேட்டேன். கேட்டதனாலதான் பயம்."

வத்சலாவின் கண்கள் நனைந்திருந்தன. அதுதான் அம்பிளிக்குத் தாங்கவில்லை. அவள் பொய்யாக அழவில்லை.

வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு இடம் காலியானால் வள்ளம் ஒரு பக்கம் சாயும். மற்றவர்கள் இத்தனை நாள் வேலை விட்டு வந்து உள்ளங்கை தோல் உரியத் துடுப்புப் போட்டவர்கள். அம்பிளி உட்கார்ந்தாள். மிச்சமிருந்தது வத்சலா விட்டுப்போன கடைசி இருக்கை. அமரத்துக்கு முன்னால்.

பந்தயத்தன்று வத்சலாவின் பாதங்கள் அவள் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் இருந்தன.

வெடி சத்தம் கேட்டது. நடுவில் தடி இடித்தது. துடுப்புகள் விழுந்தன. பாதி தூரம் மற்ற இரண்டு வள்ளங்களோடு சமமாகவே போனார்கள். அம்பிளிக்கு நெஞ்சு அப்போதுதான் ஆரம்பித்தது. ஒன்று விட்டது, ஒன்று ஓங்கி விழுந்தது. தண்ணீர் தானாகவே முகத்தில் தெறித்துக்கொண்டிருந்தது. அவள் கையை இடிக்குக் கொடுத்துவிட்டு மூச்சை நீட்டினாள்.

பெரிய தோடு என்கிற வாய்க்கால் காயலில் கலக்கும் இடம் வந்தது. அங்கே அடித்தண்ணீர் இடப்பக்கம் இழுக்கும். வள்ளத்தின் தலை திரும்புவது மற்றவர்களுக்குத் தெரியும் முன்பே அவளுக்குத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் பாதங்கள் இடம் மாறின. மறுபடி மாறின.

"அம்பிளி." வத்சலாவின் குரல் காற்றாக வந்தது. "எந்தப் பக்கம்டீ?"

துடுப்புப் போடுகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பதில் சொல்லவேண்டும் என்று விதியில்லை. கரையில் பத்திரிகைக்காரன் நின்றிருந்தான். பக்கத்து வள்ளத்தின் மேல் போய் மோதினால் அதைத்தான் பெரிதாகப் போடுவான். அம்பிளி வாயை மூடிக்கொண்டு ஒரு மூச்சு முழுக்க இருந்தாள். முன்னால் குனிந்து நிமிர்கிற முதுகுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் வேர்த்திருந்தது.

மூச்சு தீர்ந்தபோது சொன்னாள். "வலப்பக்கம் தாழ்த்து. அழுத்திப் பிடி. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதே."

சேச்சி என்று சொல்லவில்லை.

வள்ளம் நேரானது. இரண்டாவதாக வந்தார்கள். மாலிப்புறம் அதுவரை இரண்டாவதாகக்கூட வந்ததில்லை. கரையில் வாய்க்குரவை கேட்டது. பத்திரிகைக்காரன் முழங்கால் தண்ணீரில் இறங்கி வத்சலாவைப் படம் எடுத்தான். அவள் துடுப்பைத் தூக்கிக் காட்டினாள்.

பிறகு குனிந்து அம்பிளிக்குக் கை நீட்டினாள். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஓட்டினோம்ல?"

அம்பிளி பலகையைப் பிடித்துத் தானாக எழுந்தாள். "நான் நெஞ்சு நோய்க்காரி. எனக்கென்ன தெரியும்?"

வீட்டில் யாருமில்லை. சுகுணன் தாராவோடு போயிருந்தான். நனைந்த துணியை மாற்றக் குளியலறைக்குள் போனவள் ரத்தத்தைப் பார்த்தாள். நல்ல சிவப்பு. வள்ளத்தில் இருந்தபோதே வந்திருக்கவேண்டும். அமரத் துடுப்பு கையில் இருந்திருந்தால் அங்கே நின்றபடி வந்திருக்கும். காயலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அலமாரியில் பழைய பருத்தித் துணி தேடி எடுத்தாள். குடத்துத் தண்ணீரை முகத்தில் விட்டுக்கொண்டாள். நெஞ்சு இப்போது சீராக அடித்தது.

இதைச் சொல்ல அவளுக்கு ஊரில் ஒருத்திதான் இருந்தாள்.