மோட்டர் போட்ட கிணறு

எனக்குக் கோபம் கொஞ்சம் கூடத்தான். நல்லரெத்தினம் மாஸ்டர் தண்ணீரின் உப்பை அளக்கும் மீட்டரோடு எங்கள் ஒழுங்கைக்குள், இந்தச் சின்னத் தெருவுக்குள், வந்த அன்றும் அவரோடு சண்டைதான் பிடித்தேன். சுனாமிக் கடல் வந்து போய் ஆறு மாதம். அதற்குள் எத்தனை பேர் வந்து படம் காட்டி, கூட்டம் வைத்து, எங்கள் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்! நீங்களும் படிப்பிக்கத்தான் வந்தீர்களா என்று கேட்டேன். காரைதீவில் விஞ்ஞானம் படிப்பிக்கிற மனிதர், முகம் கோணவில்லை. நீங்களே அளந்து பாருங்கள் என்று மீட்டரை என் கையில் தந்துவிட்டார்.

ஒழுங்கையில் ஒன்பது கிணறுகள். வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் நாங்களே வீடு வீடாகப் போய் அளந்தோம். என் கையெழுத்து நல்லதென்று எழுதும் வேலை எனக்கு வந்தது. எழுதிய தாளை மதரசாச் சுவரில் ஒட்டினோம்.

முதல் தாளே நாங்கள் நினைத்ததற்குத் தலைகீழாக இருந்தது. கடல் வந்தபோது கிணறுகளில் சேறு நிறைந்தது, சிலவற்றில் செத்தவர்களின் மையித்தும் கிடந்தது. அந்தத் தண்ணீரில் கைகால் கழுவித் தொழுகைக்கு ஒளுச் செய்ய மனம் கூசியது. வயலுக்கு இறைக்கிற மெஷின்தான் ஊரில் தாராளமாக இருக்கிறதே, கொண்டுவந்து இறைத்தோம், திரும்பத் திரும்ப இறைத்தோம். எங்களுக்கு மூத்த பாத்தும்மா ராத்தா ஆறு தரம் அடி தெரிய இறைத்தார். அவர் கிணற்றில்தான் உப்பு ஆகக் கூட, மீட்டரில் மூவாயிரத்து எண்ணூறு. எனக்குப் பக்கத்து வீட்டு நதீரா அப்போது பிள்ளை பெற்றிருந்தாள். ஒரு தரம் சேற்றை அள்ளியதோடு விட்டுவிட்டாள். அவள் கிணறு தொள்ளாயிரம்.

ஏன் இப்படி என்று நாங்கள் கேட்ட பிறகுதான் மாஸ்டர் வாய் திறந்தார். கடற்கரை மணலுக்குள் மழைத்தண்ணீர் பாலாடை போல மேலே கிடக்கிறதாம், உப்புத்தண்ணீர் அதற்குக் கீழே. ஆடையை உறிஞ்சி எடுத்தால் கீழே உள்ளது மேலே வரும். மாரி மழை வரும்வரை ஒருவரும் மெஷின் போட்டு இறைப்பதில்லை, வாளியால் அள்ளுவது மட்டும் என்று தீர்மானித்தோம். நானும் கை உயர்த்தினேன்.

அடுத்த மாதம் சம்மாந்துறையிலிருந்து சுபைறா வந்தார். என் மகள் றிஸ்லாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் உம்மா. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார், வீடு பெண்ணுக்கு. றிஸ்லாவின் வாப்பா கடலோடு போய்விட்டார். மகளுக்குக் கொடுக்க என்னிடம் மிஞ்சியது அந்த வீடும் கிணறும்தான். சுபைறா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார். நோன்புப் பெருநாளைக்குள் தண்ணீர் சரிவராவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டிவரும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்தச் சிரிப்பு எனக்கு நெஞ்சில் குத்தியது. மாஸ்டர் சொன்னதெல்லாம் ஊருக்குச் சரி, என் கிணற்றுக்கு மட்டும் வேறு நியாயம் என்று மனம் சொன்னது. சத்தம் வராத கரண்ட் மோட்டர் ஒன்றை இரவல் வாங்கினேன். விடியற்காலை ஸுபஹு தொழுதுவிட்டுப் போடுவேன். குழாயைப் பின்பக்கம், கடல் இடித்துப்போட்ட வீட்டின் வெறும் வளவுக்குள் விட்டேன். ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேல். உப்புக் குறையவில்லை, ஏறியது. என் கிணற்றை நானே முன்னால் அளந்துவிட்டேன் என்று சொல்லி, வெள்ளிக்கிழமைத் தாளில் அதற்குப் பொய் எழுதினேன். வெட்கம் கெட்ட வேலைதான்.

ஆனால் மண்ணுக்கடியில் வேலி இல்லையே. நதீராவின் கிணறு ஆயிரத்து நூறானது, பிறகு ஆயிரத்து எழுநூறு. அவள் தன் கிணற்றையும் தன் கைக்குழந்தையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒழுங்கைக் கூட்டத்தில் அவள் புருசன் றிஸ்வான் எழும்பி, இனிப் பொறுக்க முடியாது, நாளைக்கே வயல் மெஷினைக் கொண்டுவந்து அடி காண இறைக்கப்போகிறேன் என்றார்.

இறைத்தால் ஒழுங்கையில் கடைசி நல்ல கிணறும் போய்விடும். நான் வாய் திறந்தால் றிஸ்லாவின் கலியாணம் போய்விடும், சுபைறாவுக்கு மச்சி முறையான சொந்தக்காரப் பெண் அதே கூட்டத்தில் இருந்தார். எழும்பினேன்.

"இறைக்காதீங்க தம்பி. நான்தான் களவா மோட்டர் போட்டு இறைச்ச. என்ட கிணத்துக்கு எழுதின கணக்கும் பொய்."

பேனையை நதீராவின் மடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அழுதேன். மறுநாளே சம்மாந்துறைக்குச் செய்தி போய்விட்டது. கலியாணப் பேச்சு அப்படியே நின்றது. றிஸ்லா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. நதீரா இரண்டு மாதம்.

அந்த வருசம் மாரி நல்லாப் பெய்தது. நதீராவின் கிணறு எண்ணூறுக்கு இறங்கியது. என்னுடையது இரண்டாயிரத்துக்குக் கீழே வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு நாள் சுபைறா சொல்லாமல் வந்து நின்றார். றிஸ்லாவை அனுப்பி நதீரா வீட்டில் ஒரு குடம் வாங்கித் தேத்தண்ணி ஊற்றினேன். அவர் கோப்பையை எடுக்கும் முன்னே சொன்னேன், இது பக்கத்து வீட்டுத் தண்ணீர், என் கிணறு சரிவர இன்னும் ஒரு மாரி வேண்டும் என்று.

சுபைறா குடித்து முடித்தார்.

"வரக்குள்ள நான் மதரசாச் சுவர்ல உங்கட கிணத்துக் கணக்கப் பாத்துட்டுத்தான் வந்த. இதச் சொல்லாம தந்திருந்தா எழும்பிப் போயிருப்பன்" என்றார். பிறகு நாள் குறிக்கச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கலியாணத்துக்கு முதல் நாள் விடிய, சோறாக்கத் தண்ணீருக்கு எங்கே போவது என்று சட்டி பானைக்கு நடுவே நின்றபோது நதீரா வேலிக் கடப்பைத் திறந்துவிட்டாள். கையில் கயிறும் வாளியும் இருந்தன.

"என்ட கிணத்துல அள்ளுங்க ராத்தா" என்றாள். "மோட்டர் போடாம. வாளியால."