அலமாரியில் உப்பு

அன்று மதியம் அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எடைக்காரர், அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகள், மகளோடு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் பையன், பையனின் அப்பாவான ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தாயில்லாத பையனைத் தூக்கி வளர்த்த அத்தை. அத்தைக்குச் சொந்தமாகத் தையல் கடை உண்டு. இவர்களைத் தவிர ஓர் ஈ காக்கைகூட அங்கே இல்லை. நானும் கூட இருந்தேன் என்று பிற்பாடு கிளம்பியவர்களை நம்ப வேண்டியதில்லை.

எடைக்காரர் என்பது வேலையால் வந்த பெயர். கடைகளின் தராசையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் அரசாங்க வேலை. அவர் ஓய்வுபெற்று வெகுநாள் ஆகியும், தெருவில் நிமிர்ந்த முதுகோடு வருவதைப் பார்த்தால் கடைக்காரர்களின் கை தராசிலிருந்து தானாக விலகிவிடும். ஓசியில் ஒரு வாய் டீ குடித்தவர் இல்லை. வீட்டிலும் அதே கறார்தான். அவருடைய அப்பா காலத்துச் சட்டம் ஒன்று அங்கே இருந்தது. மேசைக்கு வரும் சாப்பாடு குறையில்லாமல் வர வேண்டும். மேசைமேல் உப்பு ஜாடி இருக்கக் கூடாது. கேட்டு வாங்கி உப்புப் போட்டுக்கொள்வது சமைத்தவள் கன்னத்தில் அறைவதற்குச் சமம். அதனால் வீட்டுத் தலைவன் முதல் வாய் எடுத்துப் பார்த்து, "பரிமாறலாம்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் முத்திரை குத்தின மாதிரி. இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல அவர் ஒருநாளும் தயங்கியதில்லை. மனைவியின் கைப்பக்குவம் அப்படி. கல்யாணத்துக்கு வராத சொந்தக்காரர்கள்கூட அவள் கையால் ஒரு வேளை சாப்பிட வந்துபோவார்கள்.

போன வருடக் கடைசியில் அவருக்குக் கால் வீங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. "உப்பையும் சர்க்கரையையும் பாதிக்கு மேல குறைச்சாகணும் ஐயா. இல்லேன்னா சிறுநீரகம் தாங்காது" என்றாள் டாக்டரம்மா. அதை என்னவோ பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த நோய் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டவர், வெளியே வந்ததும் மனைவியிடம் சொன்னார்: "இது வாசப்படி தாண்டக் கூடாது. பொண்ணுக்கு ஒரு நல்லது நடக்கிற நேரம். நோயாளி வீட்டுல போய் சம்பந்தம் பண்றதான்னு நாலு பேர் கேப்பாங்க."

"தாண்டாது. ஆனா ரெண்டு பானை வைக்க எனக்குத் தெம்பில்லைங்க. உங்களுக்கு என்னவோ அதுதான் எனக்கும்."

அப்படித்தான் வீட்டுக்கே ஒரே பானை ஆனது. முதல் சில நாட்கள் வைக்கோலை மென்ற மாதிரி இருந்தது. அவள் உப்பை ஒரேயடியாகக் குறைக்கவில்லை. மூன்று விரலால் அள்ளியதை இரண்டு விரலால் அள்ளினாள், பிறகு இரண்டு விரலின் நுனியால். டீயில் சர்க்கரை கரைவது போலவே காணாமல் போனது. மகள் மதியம் மருத்துவமனை கேன்டீனில் சாப்பிட்டுவிடுவாள், தப்பித்துக்கொண்டாள். ஓய்வுபெற்ற மனிதருக்குச் சாப்பாட்டு வேளையை விட்டால் நாளில் வேறென்ன இருக்கிறது? அந்த ஒன்றும் சப்பென்று போனபின் பகல் நீண்டுகொண்டே போயிற்று.

ஒருநாள் விடிகாலையில் அவள் சமையலறை விளக்கைப் போட்டபோது அவர் உப்பு ஜாடிக்கு முன்னால் விரலை வாயில் வைத்தபடி நின்றிருந்தார். உதட்டோரம் சர்க்கரை. எடையைக் குறைக்கப் படிக்கல்லின் அடியைச் சுரண்டியவனையெல்லாம் கையும் களவுமாகப் பிடித்தவர். அன்றே இரண்டு ஜாடிகளையும் படுக்கையறை இரும்பு அலமாரியில் கொண்டுபோய் வைத்து, பூட்டி, சாவியை அவள் கையில் கொடுத்தவர் அவர்தான். "நீயே வெச்சுக்கோ. நான் கேட்டாலும் தராதே." அதன்பின் தினமும் காலையில் அவள் அலமாரியைத் திறந்து, அன்றைக்கு வேண்டியதைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பூட்டுவாள். பத்திரங்களும் அவளுடைய நகைப்பெட்டியும் இருந்த தட்டில் உப்பும் குடியேறியது.

பையன் வீட்டார் சம்பந்தம் பேச வந்த விருந்தன்று அவள் விடியும் முன்பே எழுந்துவிட்டாள். முட்டிவலியோடு நின்று மீன், பருப்பு, இரண்டு காய், கடைசியில் ஓர் இனிப்பு என்று செய்தாள். வேற்று மனிதர் வருகிறார்களே என்று உப்பை அள்ளித்தான் போட்டாள். அவள் கைக்கு இப்போது அதுதான் அள்ளல். எடைக்காரர் முதல் வாய் எடுத்தார். நாக்கு சிலிர்த்தது. இன்றைக்கு இவளுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார்.

"பரிமாறலாம்."

மகள் ஒரு கவளம் வாயில் வைத்ததுமே தலையைக் குனிந்துகொண்டாள். கேன்டீனில் சாப்பிடுகிற நாக்குக்குத் தெரியாமல் போகுமா? பையன் தண்ணீர் குடித்தான். டிரைவர் மட்டும் ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டுகிற மாதிரி நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை இரண்டு வாய் பொறுத்துப் பார்த்தாள்.

"சம்பந்தியம்மா, கொஞ்சம் உப்பு இருந்தாக் குடுங்களேன்."

குத்தலாகக் கேட்கவில்லை. எந்த வீட்டிலும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ஆனால் அந்த மேசையில் அதுவரை யாரும் கேட்டிராத கேள்வி அது. மனைவி எழுந்தாள். காலையில் எடுத்த கிண்ணம் காலியாகியிருந்தது. படுக்கையறை சாப்பாட்டு அறையைப் பார்த்துத்தான் திறக்கும். இடுப்பிலிருந்து சாவி எடுத்த சத்தமும் இரும்புக் கதவு முனகிய சத்தமும் கேட்டன. நகைப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து அவள் ஜாடியைத் தூக்கியதை எல்லாரும் பார்த்தார்கள்.

"உப்பையா பூட்டி வெச்சிருக்கீங்க? நாங்க நகையவே பூட்டறதில்ல" என்று அத்தை சிரித்தாள்.

"இருந்தால்ல பூட்டறதுக்கு" என்றார் டிரைவர். "சும்மா சாப்பிடு."

மனைவி ஜாடியை மேசைமேல் வைத்தாள். "வயசாயிடுச்சு. கை மறந்துபோச்சு. தப்பு என்னோடதுதான், மன்னிச்சுக்குங்க."

எடைக்காரர் அவள் கையைப் பார்த்தார். சூடு பட்ட தழும்புகளும் மஞ்சள் ஏறிய நகங்களும் உள்ள கை. வாயை மூடிக்கொண்டால் போதும். நோய் வீட்டுக்குள்ளேயே கிடக்கும், மகள் கல்யாணத்துக்கு எந்தச் சொல்லும் வராது. போவது அவள் பெயர் மட்டும்தான், அதையும் அவளே எடுத்து நீட்டிவிட்டாள். ஆனால் பரிமாறலாம் என்று முத்திரை குத்தியது யார்? தராசு பொய் சொன்னால் அவர் ஒருபோதும் சரக்கின்மேல் பழி போட்டதில்லை. உட்கார்ந்தே பேசியிருக்கலாம். எழுந்து நின்றார்.

"அவ கை தப்பல. என் நாக்குதான் தப்பு. எனக்கு உடம்பு சரியில்ல, உப்பும் சர்க்கரையும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. எனக்காக இந்த வீடே உப்பில்லாம சாப்பிடுது. பூட்டி வைக்கச் சொன்னதும் நான்தான். திருடித் தின்னுக்கிட்டிருந்தேன்."

மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்தபோது, பல மாதமாகத் தலையில் சுமந்த மூட்டையை இறக்கிய மாதிரி இல்லை. வெறும் அசதிதான் இருந்தது.

அத்தை உப்பு போட்டுக்கொண்டு ஜாடியை நகர்த்தினாள். பையன் போட்டுக்கொண்டான். டிரைவர் அதைத் தொடாமல் அடுத்த பக்கம் தள்ளிவிட்டார்.

"ஏண்ணே, உனக்கு?"

"எனக்கு இதுவே போதும்."

அத்தை அண்ணன் தட்டைப் பார்த்தாள். துடைத்த மாதிரி இருந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசி முடிவு சொல்கிறோம் என்று விடைபெற்றுப் போனார்கள். மகள் வழியனுப்பப் போயிருந்தாள். மனைவி தட்டுகளை அடுக்கினாள்.

"சொல்லியிருக்க வேண்டாங்க."

"பரிமாறலாம்னு சொன்னவன் நான்தானே."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அந்த வீட்டு மேசையின் நடுவில் மூடி திறந்தபடி உப்பு ஜாடி இருந்தது. எழுந்து அதைக் கொண்டுபோய்ப் பூட்டி வைக்க இருவருக்குமே தெம்பில்லை.

தையல் கடை வழியாகக் கிளம்பிய பேச்சு இப்போது நாலு தெரு சுற்றி வருகிறது. அந்த வீட்டில் உப்பை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், அப்பேர்ப்பட்ட கஞ்சர்கள், அலமாரியில் உப்பைப் பார்த்ததுமே சம்பந்தம் முறிந்துபோயிற்று என்கிறார்கள். சம்பந்தம் முறியவில்லை. பதில் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். எடை போடுவதும் இல்லை. அவள் விரலால்தான் எடுப்பாள். பூட்டி வைத்திருந்ததும் உப்பை மட்டும் அல்ல, சர்க்கரையையும்தான்.