இரண்டு டீ நேரம்

ஜாபர் சாச்சா கடப்பாரையை ஓங்கியபோது ஜஸீலா ஓடிப்போய் அதன் நடுவில் பிடித்துக்கொண்டாள்.

"விடு புள்ள. குழி வெட்டணும். பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்துருவாங்க."

"சிமெண்டை உடைக்காதீங்க சாச்சா."

சாச்சா அவளை உற்றுப் பார்த்தார். இந்த முற்றத்துச் சிமெண்டை முழுவதும் பெயர்க்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சண்டை போட்டவள் இவள்தான். கல்லூரியில் தோட்டக்கலையும் நில வடிவமைப்பும் படிக்கிறாள். மழை விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பது அவள் படித்த பாடம். போர்ட் பிளேரில் வருடத்தில் பாதிக்கு மேல் மழை. வாசலில் ஒரு துளி நிற்கக் கூடாது என்பது அவள் வாப்பா அப்துல் ஹாதியின் பாடம். கொத்தனார் பின்னாலேயே குந்தி நகர்ந்து, மூலைக் குழாயிலிருந்து தெருக் கேட் வரை அவரே சரிவு பார்த்துப் போட்ட சிமெண்ட் அது.

வாப்பா இன்று காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து படுத்தார். உம்மா எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லை. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

இறந்தவரின் மையத்தைக் குளிப்பாட்டும் தண்ணீர் யார் காலிலும் மிதிபடக் கூடாது. குழியில் விழுந்து மண்ணோடு சேர வேண்டும். குழாயடியில்தான் மண்ணே இல்லையே.

"இந்தச் சரிவுல ஒரே நிமிஷத்துல ரோட்டுக்குப் போயிரும்மா. ஆட்டோ, ஸ்கூட்டர், நாய் எல்லாம் மிதிக்கும். எங்க அண்ணனை அப்படியா அனுப்பணும்?" சாச்சா தெருக் கேட்டைக் காட்டினார்.

"ரோட்டுக்குப் போகாது. என் பள்ளத்துக்குப் போகும்."

கேட்டுக்கு உள்பக்கம், சரிவு முடியும் இடத்தில் ஆறடிக்கு நாலடி. அவளுடைய செய்முறைப் பாடத்துக்காக வாப்பா போன வருடம் உடைக்க விட்டது அவ்வளவுதான். "ஆறுக்கு நாலு. அதுக்கு மேல ஒரு இன்ச் கேட்டே, உன்னை மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏத்திருவேன்." அவள் முழங்கால் ஆழம் தோண்டி, பாதிவரை ஜல்லியும் மணலும் மண்ணும் நிரப்பி, வெட்டிவேரும் கல்வாழையும் நட்டாள். வாப்பா தன் மளிகைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "அரே, மத்தவன் புள்ள வீட்டுல டைல்ஸ் போடுது. என் புள்ள பள்ளம் போடுது" என்றார்.

"நிறைஞ்சு வழிஞ்சுட்டா?"

"பத்து வாளி ஊத்திப் பார்த்தாச்சு சாச்சா. வாப்பாதான் நேரம் பார்த்தாங்க."

அன்று வாப்பா பிளாஸ்டிக் நாற்காலியைப் பள்ளத்தருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கழற்றி அவளிடமே கொடுத்துவிட்டார். அடுத்த வீட்டுத் தமிழரசி அக்கா கொடுத்த டீயைக் குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார். தண்ணீர் இறங்கியதும், "ரெண்டு டீ நேரம். எழுதிக்க" என்றார். அவள் நோட்டில் இருபத்திரண்டு நிமிடம் என்று எழுதினாள்.

ஹஸ்ரத் வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "அச்சா. மண்ணுக்குள்ளதானே போகுது? போதும்."

சாச்சா கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார்.

பெருமழையில் பள்ளம் நிறைந்தால் மிஞ்சும் தண்ணீர் தெருவுக்குப் போக ஒரு குழாய் பதித்திருந்தாள். அதன் வாயில் வாப்பாவின் பழைய கைலியைச் சுருட்டி அடைத்தாள். கேட்டைச் சாத்தினாள். சாச்சா யாரும் குறுக்கே நடக்காதபடி சரிவின் இரண்டு ஓரமும் செங்கல் வைத்தார்.

மூலைக் குழாயைச் சுற்றிப் போர்வைகளைத் திரையாகக் கட்டினார்கள். உள்ளே வாளிகள் மோதும் சத்தம் கேட்டது. அவள் பள்ளத்தருகே குந்தினாள்.

போர்வைக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது. முதலில் விரலகலம், பிறகு கையகலம். குளிப்பாட்டும் தண்ணீரில் போட்ட இலந்தை இலைத் துணுக்குகளும் கொஞ்சம் நுரையும் மிதந்து வந்தன. கடைசியில் கற்பூர மணம். எங்கும் தேங்கவில்லை, எந்தப் பக்கமும் ஒதுங்கவில்லை. வாப்பா பார்த்துப் பார்த்துப் போட்ட சரிவு அதை நேராக அவளிடம் கொண்டுவந்து விட்டது. வெட்டிவேரின் தூர்கள் மூழ்கின.

"வழியுதாம்மா?" திரைக்குள்ளிருந்து சாச்சா கேட்டார்.

"இல்ல சாச்சா. நாலு விரல் கீழே நிக்குது."

உள்ளே இன்னொரு வாளி கவிழ்ந்தது. பிறகு, "கில்லாடிதான்" என்றார். அவளைச் சொன்னாரா, அண்ணனைச் சொன்னாரா தெரியவில்லை.

குளிப்பாட்டி முடித்து உள்ளே கொண்டுபோனார்கள். உடலைச் சுற்றும் கஃபன் துணி கிழிபடும் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. தமிழரசி அக்கா இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள்.

"உங்கம்மா வேணாம்னுட்டாங்க. நீயாவது குடி. காலையில இருந்து பச்சைத் தண்ணி படல உன் வாயில." இரண்டு டம்ளரையும் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜஸீலா ஒன்றை எடுத்துக் குடித்தாள். சர்க்கரை அதிகம். தண்ணீர் பாதி இறங்கியிருந்தது.

"ஜஸீலா, கடைசியா முகம் பார்க்க வாம்மா."

"வர்றேன் சாச்சா. இன்னும் ஒரு டீ இருக்கு."

சாச்சா வாசற்படியில் வந்து நின்றார். பள்ளத்தைப் பார்த்தார். படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாவது டம்ளர் ஆறியிருந்தது. அவள் அதை நிதானமாகக் குடித்தாள். டம்ளர் காலியானபோது வெட்டிவேருக்கு அடியில் மண் தெரிந்தது. ஓர் இலந்தை இலை அதில் ஒட்டிக் கிடந்தது.