ஃபென்யா இன்னும் அழவில்லை

பதினோராவது நாளும் மால்டே குழந்தைகள் காப்பகத்தின் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நாற்காலி என்பது அதற்குப் பெரிய வார்த்தை. மூன்று வயதுப் பிள்ளையின் பின்பக்கத்தை அளவெடுத்துச் செய்த பலகை அது. மால்டேயோ ஆறரை அடி. உட்கார்ந்தால் முழங்கால்கள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து ரகசியம் கேட்கும். ப்ரேமன் நகரத்தில் டிராம் ஓட்டுகிறவன், நூறு பேரோடு ஓடும் வண்டியை உள்ளங்கை அழுத்தத்தில் நிறுத்துகிறவன். அவனை இங்கே கட்டைகள் நிறைந்த கூடைக்கும் ஒரு காது அறுந்த துணி முயலுக்கும் நடுவில் மேசை விளக்கு மாதிரி வைத்துவிட்டார்கள். விளையாடக் கூடாது. பிள்ளைகளைக் கூப்பிடக் கூடாது. போனைத் தொடக் கூடாது. "சும்மா இருங்க. அவ பயந்தா ஓடி வர ஒரு இடம் வேணும். அந்த இடம் நீங்க. அவ்வளவுதான்," என்று முதல் நாளே ஆசிரியை குட்ரூன் சொல்லிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், மகள் ஃபென்யா பயப்படவில்லை. ஒன்றரை வயது. முதல் நாள் வாசலிலேயே அப்பாவின் விரலை உதறிவிட்டு, பத்து வருடம் இங்கே வேலை பார்த்தவள் போலச் சமையல் விளையாட்டு மூலைக்கு நடந்துபோனாள். இந்தப் பதினோரு நாளில் அப்பாவை இரண்டே தடவைதான் திரும்பிப் பார்த்திருந்தாள். ஒரு தடவை, பாதி கடித்த வெள்ளரித் துண்டை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போக. இன்னொரு தடவை, அவன் தும்மினான் என்பதற்காக.

இந்தப் பலகையில் உட்காரக் கிடைத்ததே தனிப் போராட்டம். மனைவி மாரைக்கே உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும், அவள் தன் அம்மாவிடம் சொல்வதற்கு முன்பே, மால்டே ஒன்பது காப்பகங்களுக்கு எழுதிவிட்டான். பிறகு இன்னும் பதினான்குக்கு. ஒன்றில் பிள்ளைகள் மழையானாலும் பனியானாலும் காட்டிலேயே இருப்பார்கள், மதியம் மரத்தடியில் தூங்குவார்கள். ஒன்றில் பெற்றோர்களே முறை வைத்து இருபது பேருக்குச் சமைக்க வேண்டும். மால்டே சமைத்ததைத் தின்றால் அந்தக் காப்பகம் ஒரே வாரத்தில் காலியாகிவிடும். ஒன்றில் குடும்பத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஏழு இரவு உட்கார்ந்து எழுதினான். அவன் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதுகூட இவ்வளவு யோசித்து வார்த்தை தேடியதில்லை. பதினெட்டு மாதம் கழித்து, வேலிக்குள் ஒரு வாதுமை மரத்தோடு இருந்த இந்தக் காப்பகத்திலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. 'நாங்கள் தேர்ந்தெடுத்த காப்பகம்' என்று மாரைக்கே இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறாள். கேட்கிறவர்களும் பெற்றோராக இருந்தால் சிரிக்காமல் தலையை ஆட்டுவார்கள்.

இடம் கிடைத்தால் போதுமா? பிள்ளையைப் பழக்க வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. மூன்று நாள் அப்பாவோ அம்மாவோ கூடவே உட்கார வேண்டும். நான்காம் நாள் பிள்ளையிடம் சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். பிள்ளை அழும். ஆசிரியை தூக்கித் தேற்றுவார். தேறிவிட்டால் நாளைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம், அடுத்து மதியச் சாப்பாடு, அடுத்து தூக்கம், முடிந்தது. எல்லாப் பிள்ளைகளும் நான்காம் நாள் அழும். அன்றைக்கு மால்டே, "அப்பா போயிட்டு வரேன்," என்று சொன்னபோது ஃபென்யா கையிலிருந்த மர அகப்பையை ஆட்டி, "டாட்டா," என்றாள். பிறகு இல்லாத சூப்பைக் கிண்டப் போய்விட்டாள்.

"நீங்க போனது அவளுக்குப் புரியலை," என்றார் குட்ரூன். ஐம்பத்தெட்டு வயது, முப்பத்தொரு வருட அனுபவம், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. நோட்டை எடுத்து ஒரு வரி எழுதினார்.

ஐந்தாம் நாளும் டாட்டா. "உள்ளுக்குள்ள அடக்கி வெச்சிருக்கா." நோட்டில் இன்னொரு வரி. எட்டாம் நாள், "இவ இன்னும் இங்க வந்து சேரலை."

"எட்டரைக்கே வந்துட்டோமே," என்றான் மால்டே. குட்ரூன் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். அதுவும் நோட்டில் ஏறியிருக்கும் என்று அவனுக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அதே வாரம் சேர்ந்தவன் ப்ரூனோ. அவன் அழுதால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாய் குரைக்கும். நான்காம் நாள் அழுதான், குட்ரூன் தோளில் சளியைத் துடைத்துத் தேறினான், பத்தாம் நாள் மெத்தையில் குப்புறப் படுத்துத் தூங்கினான். அவன் அம்மா யாஸ்மின் பல் மருத்துவமனை வேலைக்குத் திரும்பிப் போகிறவள். காப்பக நடையில் கோட்டை மாட்டிக்கொண்டே மால்டேயைப் பரிதாபமாகப் பார்த்தாள். பரீட்சையில் தேறியவர்கள் தவறியவர்களைப் பார்க்கும் பார்வை.

"ப்ரூனோவை எப்படி அழ வைச்சீங்க?" என்று மால்டே கேட்டான். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவன் காதில் விழுந்தது.

"நான் எங்க வைச்சேன்? அவன் அப்பனை மாதிரி, தானாவே அழுவான்." குரலைத் தாழ்த்தினாள். "நீங்க போகும்போது சிரிக்கிறீங்க. அதான். கொஞ்சம் சோகமா போய்ப் பாருங்க."

சோகமாகப் போய்ப் பார்த்தான். பன்னிரண்டாம் நாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் பழகிவிட்டு வந்து, கதவோரம் நின்று, புருவத்தை இறக்கி, போர்முனைக்குப் போகிறவன் மாதிரி மகளைக் கட்டிப்பிடித்தான். பக்கத்தில் இருந்த வேறொரு பிள்ளை அழுதது. ஃபென்யா அவன் மூக்கைப் பிடித்துத் திருகிவிட்டு, "டாட்டா," என்றாள். பதின்மூன்றாம் நாள் மூன்று தடவை திரும்பி வந்து மூன்று தடவை விடைபெற்றான். மூன்றாம் தடவை அவளே எழுந்துவந்து கதவைச் சாத்தினாள்.

மாரைக்கே சாயங்காலங்களில் போன் செய்வாள். அவள் புகைபோக்கி சுத்தம் செய்கிறவள். கறுப்பு உடுப்பில் அவள் தெருவில் போனால், அதிர்ஷ்டம் வரும் என்று வழியில் போகிறவர்களெல்லாம் அவள் சட்டைப் பொத்தானைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அந்த அதிர்ஷ்டம் அவளுக்கு மட்டும் இரண்டு தடவை கைகொடுக்கவில்லை. தனியாகத் தொழில் நடத்த உரிமை தரும் மேற்படிப்பை முதல் தடவை பிரசவத்துக்காகவும், இரண்டாம் தடவை காப்பகம் கிடைக்காததற்காகவும் விட்டாள். இந்த மாதம்தான் ஹானோவர் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். மால்டே நான்கு வாரம் விடுப்பு எடுத்திருந்தான். இருபது வேலை நாள். அடுத்த திங்கட்கிழமை முதல் டிராம் பணிமனைப் பட்டியலில் அவன் பெயர் ஏறியாகிவிட்டது. மால்டேயின் அம்மா ஓய்வு பெற்ற மறுநாளே கேரவனை எடுத்துக்கொண்டு போர்ச்சுகல் போனவர். வாரம் ஒரு சூரியாஸ்தமனப் படம் மட்டும் அனுப்புகிறார்.

"அழுதாளா?" என்றாள் மாரைக்கே. போனில் வேறு பேச்சே கிடையாது. பதினெட்டாம் நாள் அது.

"இல்ல."

"கொஞ்சங்கூட?"

"வாழைப்பழம் ரெண்டா உடைஞ்சதுக்கு அழுதா. குட்ரூன் மடியில வெச்சுத் தேத்தினாங்க."

"அப்புறம் என்னடா, அதான் அழுதாச்சே."

"வாழைப்பழம் கணக்குல வராதாம். எனக்காக அழணுமாம்."

ஃபென்யா உயர நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டியிலிருந்த வெண்ணெயை மட்டும் நக்கிக்கொண்டிருந்தாள்.

"முடியலைன்னா யாரு வீட்டுக்கு வரணும்னு எல்லாருக்கும் தெரியும், இல்ல?" என்றாள் மாரைக்கே. "உன் பேரு பட்டியல்ல ஏறியாச்சு. நான் வெறும் படிப்புதானே. இங்க எங்க வகுப்புல பதினெட்டுப் பேரு. நாலு பேருக்குக் கைக்குழந்தை இருக்கு. ஒருத்தன்கூட போனைப் பாத்துக்கிட்டு உக்காரல, மால்டே."

"யாரும் வர வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

"எப்படிப் பாத்துக்குவ? கிள்ளி விடுவியா?"

அதை அவன் யோசிக்காமல் இல்லை.

பத்தொன்பதாம் நாள் மதியம் குட்ரூன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்றார். மால்டே சத்தம் போடுகிற ஆள் இல்லை. தண்டவாளத்தில் காரை நிறுத்திவிட்டுப் பூ வாங்கப் போகிறவனிடம்கூடக் கண்ணாடியை இறக்கி நிதானமாகப் பேசுகிறவன். இப்போதும் நிதானமாகத்தான் ஆரம்பித்தான்.

"அவ சாப்பிடறா. விளையாடறா. போன செவ்வாய்க்கிழமை உங்க மடியிலயே தூங்கிட்டா. அழாதது ஒரு குத்தமா? இந்த ஊர்ல ஒரு பிள்ளை சந்தோஷமா இருந்தா அதுக்கு விசாரணை வெப்பீங்களா? என் பொண்டாட்டி அங்க படிப்பை விட்டு வரணுமோன்னு பெட்டியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. எத்தனை லிட்டர் வேணும்னு சொல்லுங்க, குட்ரூன். நானே அழறேன்."

குட்ரூன் சிரிக்கவில்லை. கழுத்துக் கயிற்றை விரலில் சுற்றினார்.

"பத்து வருஷத்துக்கு முன்ன ஒரு பையன் வந்தான்," என்றார். "முதல் நாளே அம்மாவை அனுப்பிட்டான். தங்கமான பிள்ளை, மூணே நாள்ல பழகிட்டான்னு நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குளிர்காலம் வந்தப்புறம் ஒரு நாள் ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கப் போனேன். அவன் உயரத்துக்கு ஒரு இடத்துல மட்டும் வட்டமா மூச்சுக் கறை. தினமும் அங்கதான் நின்னிருக்கான். நாங்க ஆறு பேரு. ஒருத்தர்கூட பாக்கலை." கயிற்றை விட்டார். "அழற பிள்ளைங்க என்னைத் தேடி வந்துடும். அழாத பிள்ளையை நான் தேடிப் போகணும். உங்க பொண்ணு எது மாதிரின்னு எனக்கு இன்னும் தெரியலை. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தான் மால்டே. கண் மட்டும் ஜன்னல் கண்ணாடியில் அவள் உயரத்துக்குப் போய் நின்றது. அதுதான் அவனை இன்னும் எரிச்சல்படுத்தியது. பத்தொன்பது நாளாக ஒரு ஆளைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருக்கும்போது அந்த ஆள் திடீரென்று நியாயமாகப் பேசினால் மனிதன் என்னதான் செய்வான்?

"நாளைக்கு ஒரு தடவை பாப்போம்," என்றார் குட்ரூன். "நடையில உக்காராதீங்க. கட்டடத்தை விட்டே போங்க. ரெண்டு மணி நேரம். இன்னொண்ணு, நடிக்காதீங்க."

வெள்ளிக்கிழமை நடிக்காமல் போனான். புருவமெல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. "டாட்டா," என்றாள் ஃபென்யா. பேக்கரியில் காப்பி வாங்கி, குடிக்க மறந்து, தெருவை நான்கு முறை சுற்றினான். இரண்டு மணி நேரம் என்று பார்த்தால் இருபத்தைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. கால்கள் அவனைக் கேட்காமலே காப்பகத் தோட்டத்தின் பின்பக்க வேலிக்கு வந்துவிட்டன.

தூறிக்கொண்டிருந்தது. தூறினால் பிள்ளைகளை உள்ளே வைக்கிற ஊரா இது? எல்லோரும் மழைக் கால்சட்டையில் தோட்டத்துச் சேற்றில் இருப்பது சத்தத்திலேயே தெரிந்தது. செடிவேலி அவன் நெஞ்சு உயரம்தான். நின்றால் மொத்தத் தோட்டத்துக்கும் அவன் தலை தெரியும். ஃபென்யா பார்த்துவிட்டால் இன்றைய கணக்கும் போச்சு. குந்தி உட்கார்ந்தான். வேலியின் அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதன் வழியாகக் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு குட்டை நாயோடு வந்த அம்மாள் நின்றாள்.

"எதையாவது தொலைச்சிட்டியா, தம்பி?"

உதட்டில் விரலை வைத்தான். அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். வேலியைப் பார்த்தாள். அந்தப் பக்கம் என்ன இடம் என்று அவளுக்கும் தெரியும்.

"உன் பிள்ளையா?"

தலையாட்டினான்.

"எதுக்கும் நான் இங்கயே நிக்கறேன்," என்றாள், அவனை நம்பாமல். நாயும் நம்பவில்லை.

அப்போதுதான் கேட்டது. முதலில் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம், பிறகு நீண்ட அமைதி, பிறகு அது. பதினெட்டு மாதமாக அவன் அறிந்த குரல். யார் தள்ளினார்கள், எது உடைந்தது என்று தெரியவில்லை. ஃபென்யாவின் மஞ்சள் காலணிகள் இரண்டும் சேற்றில் தடுமாறி எழுந்தன. கட்டடக் கதவை நோக்கி ஓடின. தினமும் அவன் போகிற கதவு. மூடியிருந்த கதவின் முன்னால் நின்றன. "அப்பா," என்றது குரல். திரும்பின. இந்தப் பக்கம் வந்தன. வழியில் விழுந்து, எழுந்து, நேராக வேலிக்கே வந்து, அவன் முகத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றன. வலது காலணியின் நுனியில் ஒரு வாதுமை இலை ஒட்டியிருந்தது. "அப்பா." அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. குரல் எங்கோ காற்றில் போனது. கையை நீட்டினால் கணுக்காலைத் தொட்டுவிடலாம். மால்டே இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான். காப்பிக் கோப்பை சாய்ந்து நடைபாதையில் ஓடியது.

"எந்திரிச்சுப் பிள்ளையைத் தூக்கேன்டா, பாவி," என்றாள் நாய்க்கார அம்மாள் கிசுகிசுப்பாக.

அவன் தலையை ஆட்டினான். அவனால் வேறெதையும் ஆட்ட முடியவில்லை.

தூரத்தில் குட்ரூனின் கனத்த பச்சைக் காலணிகள் இரண்டு தெரிந்தன. ஓடவில்லை, மெல்ல நடந்தன. ஒரு அடி தள்ளி நின்றன. இரண்டு முழங்கால்கள் சேற்றில் இறங்கின. ஏதோ சொன்ன மாதிரி இருந்தது, மழையில் கேட்கவில்லை. மஞ்சள் காலணிகள் அசையவில்லை. அப்புறம் ஒரு அடி திரும்பின, இன்னொரு அடி. ஒன்றாகத் தரையை விட்டு எழும்பப் பார்த்தன. ஒன்று மேலே போனது. மற்றொன்று சேறு விடாமல் பிடித்துக்கொண்டதில் காலை உருவிவிட்டு அங்கேயே நட்டுவைத்தது போல நின்றுவிட்டது. அழுகை இப்போது மேலேயிருந்து வந்துகொண்டிருந்தது, அவனால் பார்க்க முடியாத உயரத்திலிருந்து. தூறல் அந்த ஒற்றைக் காலணிக்குள் விழுந்துகொண்டிருந்தது.