ஸ்கேன் அறையின் கதவு

வெளிநாடுகளுக்கு உதவி வழங்கும் துறையில் அவள் இணை இயக்குநர். அவள் கணவர் வெளியுறவு அமைச்சகத்தில் அதே அந்தஸ்தில் இருந்தார். இரண்டு அலுவலகங்களுக்கும் நெடுநாளாக ஏழாம் பொருத்தம். வீட்டில் அப்படியில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இருவரும் அவரவர் அலுவலகக் கூத்துகளைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

புதிய அரசு வந்ததும், உதவித் துறையைத் தனியாக விட்டுவைப்பதா, வெளியுறவோடு சேர்த்துவிடுவதா என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். தலைவர், அமைச்சரவைச் செயலாளர். அளந்து பேசுகிற அம்மாள். சேர்க்கக் கூடாது என்று வாதாட உதவித் துறை அவளை அனுப்பியது. சேர்க்க வேண்டும் என்று சொல்ல எதிரே வந்து உட்கார்ந்தவர் அவள் கணவர். ஒரே காரில் வந்து இறங்கியவர்கள் உள்ளே ‘சார்’, ‘மேடம்’ என்று அழைத்துக்கொண்டதைக் கேட்டு, நிதித் துறைக்காரர் சிரிப்பை அடக்க இருமினார்.

கணவர் எடுத்த எடுப்பிலேயே ஒரு கதை சொன்னார்.

“ஒரு சின்னத் தீவு நாடு. ஆஸ்பத்திரிக் கட்டடம் எங்க தூதரகம் கட்டிக் குடுத்தது. ஸ்கேன் மெஷின் உதவித் துறை அனுப்பினது. மெஷின் போய் இறங்கின பிறகுதான் தெரியுது, அது கதவுல நுழையாதுன்னு. சுவரை இடிச்சு உள்ள கொண்டு போனாங்க. எல்லாம் ஒரே கையில இருந்தா இப்படி ஆகுமா?”

அறையே சிரித்தது. அவளுக்குச் சுருக்கென்றது. அது எந்த அறிக்கையிலும் ஏறாத சங்கதி. தீவிலிருந்து திரும்பிய கையோடு அவளே அவரிடம் சொன்னது.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று செயலாளர் அவள் பக்கம் திரும்பினார்.

“சார் சொன்னது நிஜம்தான். ஆனா பாதிதான். எந்த மெஷின்னு முடிவாகட்டும், அப்புறம் கட்டுங்கன்னு நாங்க கேட்டோம். அமைச்சர் போற தேதிக்குள்ள திறப்பு விழா வைக்கணும்னு தூதரகம்தான் அவசரப்பட்டுது. துறை ஒண்ணா ரெண்டாங்கிறது இல்ல பிரச்சினை. தேதியை யார் குறிக்கிறாங்கங்கிறதுதான். தாராளமா சேத்துடுங்க. ஆனா பணமும் கெடுவும் அந்த வேலை தெரிஞ்சவங்க கையில இருக்கட்டும்.”

‘சேத்துடுங்க’ என்ற சொல் கோபத்தில் வந்து விழுந்துவிட்டது. தன் இயக்குநர் தன்னைச் சும்மா விடமாட்டார் என்று அப்போதே தெரிந்தது. செயலாளர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரும்பும்போது காரில் அவர்தான் ஆரம்பித்தார்.

“மீதிக் கதையை எங்கிட்ட ஏன் சொல்லல?”

“உங்க ஆளுங்களைக் குத்திக்காட்டுற மாதிரி இருக்குமேன்னு விட்டேன்.”

“சொல்லியிருந்தா நான் அந்த உதாரணத்தையே எடுத்திருக்க மாட்டேன்.”

“உதாரணமாங்க அது? நம்ம வீட்டுப் பேச்சு.”

அவர் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். சிக்னலில் நின்றபோது, “தப்புதான்மா,” என்றார். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துறைகளைச் சேர்த்துவிட்டார்கள். உள்ளே மேம்பாட்டுக்கென்று தனிப் பிரிவும் தனி நிதியும் ஒதுக்கி, அமைச்சரின் பயணத்துக்காக எந்த வேலையையும் முடுக்கக் கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். பழைய இயக்குநர் அதற்குப் பிறகு அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிரிவின் தலைமை அவளுக்கே வந்தது. கணவர் பார்த்துவந்த வேலையும் அந்தப் பிரிவுக்குள் அடங்கியதால்தான் சிக்கல். மனைவிக்குக் கீழே கணவன் வேலை பார்க்க விதியில் இடமில்லை. அவரைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு மாற்றினார்கள்.

“சேர்க்கச் சொன்னவன் நான். வெளியே போனவனும் நான்,” என்று நண்பர்களிடம் அவரே சொல்லிச் சிரித்தார். முதலில் கொஞ்சம் வாடித்தான் இருந்தார். பிறகு அந்த வேலை பிடித்துப்போனது. வருகிறவன் கையில் ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறான், அமைச்சகத்தில் அந்தத் திருப்தி ஏது என்பார். போட்டோவுக்குச் சிரிக்காமல் இருக்க முடியாத கல்யாணப் பெண், வரிசையில் முந்தப் பார்த்த வக்கீல் என்று தினமும் ஒரு கதையோடு வருவார். அவளும் வாய்விட்டுச் சிரிப்பாள்.

“உன் பக்கம் என்ன விசேஷம்?” என்று ஒருநாள் கேட்டார்.

அன்று ஒரு தூதர், விழாத் தேதி குறித்துவிட்டு அதற்குள் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருந்தார். அவள் முடியாது என்றாள். விஷயம் அமைச்சர் வரை போய், கடைசியில் அவள் சொன்னதுதான் நிலைத்தது.

“ஒண்ணுமில்ல. எப்பவும் போலத்தான்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வக்கீல் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.