நான்கு விரல் உயரம்

புற்றுநோய் எலும்புக்குப் பரவிய பிறகு, தலைவரின் மனைவி மெத்தையிலிருந்து நான்கு விரல் உயரத்தில்தான் படுத்திருந்தாள். தோளில் ஒட்டிய ஃபென்டனில் வலிமருந்துப் பேட்ச் செய்த வேலை அது. மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியம் என்று எச்சரித்த டாக்டர், மெத்தைக்கும் முதுகுக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்து, "நாலு விரல். அளவு சரியா இருக்கு," என்றார். மாதக்கணக்காக வலியில் தூங்காதவள் தூங்கினாள். விரிப்பு மாற்றுவது சுலபமாயிற்று என்பதற்கு மேல் யாரும் அதைப் பேசவில்லை. மூச்சு மந்தமானால் மூக்கில் அடிக்க ஒரு ஸ்பிரேயைக் கட்டிலோர டிராயரில் வைத்துவிட்டுப் போனாள் நர்ஸ்.

உறுத்தியது கணவருக்கு மட்டும்தான். ஓய்வுபெற்ற அதிகாரிகள் சங்கத்துக்கு ஆண்டாண்டாகப் போட்டியின்றித் தலைவர் அவர். தன் வீட்டிலேயே தன்னைவிட உயரத்தில் ஒரு ஆளா? இடுப்புவலி என்று தனக்குத்தானே சான்றளித்து, மனைவியின் பெட்டியிலிருந்து ஒரு பேட்சை எடுத்து முதுகில் ஒட்டினார். காலையிலும் கால் தரையிலேயே இருந்ததால், தன் பதவிக்கு ஒன்று போதாதென்று இன்னும் இரண்டை ஒட்டி, மேலே வெந்நீர்ப் பையையும் கட்டிக்கொண்டார். சூடு பட்டால் மருந்து மளமளவென்று உள்ளே இறங்கும் என்று அட்டையிலேயே எழுதியிருந்தது. கீழ்நிலை ஊழியர்கள் படிக்க வேண்டியதை அவர் படிப்பதில்லை.

மாலை வரவேற்பறையில் செயற்குழு கூடியது. கண்டனத் தீர்மானத்தின் நடுவே தலைவர் சோபாவிலிருந்து எழும்பி, குப்புறத் திரும்பி, முதுகு கூரையில் ஒட்ட நின்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கண்மணி கடுகாயிற்று, உதடு நீலமாயிற்று, மூச்சு நினைத்தால் வந்தது. செயலாளர் வாயில் விரல் வைத்துச் சபையை அடக்கினார்.

திறந்த கதவு வழியே மனைவி பார்த்தாள். "அவருக்கு மூச்சு நிக்கப் போகுது, தெரியலையா?"

"அண்ணி, தலைவர் ஆழ்ந்து யோசிக்கிறார்," என்றார் செயலாளர்.

"அவரா? கல்யாணமான நாள்லேருந்து நான் பாத்ததில்லையே! இந்த ஸ்பிரேய எடுத்து மூக்குல அடிங்க. ஆம்புலன்சைக் கூப்பிடுங்க!"

பொருளாளர் மேசைமேல் ஏறி அடித்தார். தலைவர் ஒரு பெருமூச்சு இழுத்து, பொத்தென்று சோபாவில் விழுந்து, விட்ட இடத்திலிருந்து கண்டித்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி மேலே போனார். ஸ்பிரேயின் வேகம் தீர்ந்தது. முதுகிலிருந்ததன் வேகம் தீரவில்லை.

மனைவி தன் பெட்டியைத் திறந்து எண்ணினாள். "மூணு பேட்ச் குறையுது! சட்டையக் கிழிச்சு அதப் பிச்செடுங்க!"

தலைவரின் சட்டையைக் கிழிப்பதா? "யாராவது முன்மொழியணுமே," என்றார் செயலாளர். பொருளாளருக்கு முதுகு நான்கு விரல் எட்டவில்லை. மரியாதைக்காக எட்டாமல் விட்டார் என்றும் சொல்கிறார்கள். அதற்குள் அவளே எலும்பெல்லாம் முனக எழுந்து வந்து மேசைமேல் ஏறினாள். அவள் பாதம் மேசையைத் தொடவில்லை. அந்த உயரம் போதுமாக இருந்தது. சட்டையைக் கிழித்து, வெந்நீர்ப் பையை அவிழ்த்தெறிந்து, மூன்றையும் உரித்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தலைவருக்கு ஊசி போட்டு, ராத்திரி முழுக்க அவரை ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டி வைத்தார்கள்.

தலைவர் கூரையின் விரிசலை நேரில் ஆய்வு செய்ததாகச் சங்கம் பதிவு செய்தது. பெட்டிக்குப் பூட்டு வந்தது. சாவி அவள் தலையணைக்கடியில். இப்போது அவர் கட்டிலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, அண்ணாந்துதான் பேசுகிறார்.

"அங்கேயே இருங்க. அங்கேருந்து பேசுனா நல்லாக் கேக்குது," என்கிறாள்.

தினமும் காலையில் அவள் முதுகுக்கடியில் கையை நுழைத்துப் பார்த்து, "நாலு விரல்," என்று சொல்லிவிட்டு, காபி போடப் போகிறார்.